கதவு யாருடையது?

கதவு தட்டப்படுகிறது.

ஊர் திண்டிவனம். காலம் 1890-களின் முற்பகுதி. நேரம் இரவு. வீடு, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கட்டருடையது. கதவைத் திறப்பவர் அவருடைய மகள் ஐடா. இருபதை ஒட்டிய வயது. நோயுற்ற தாய்க்குச் சில காலம் துணையாக இருந்துவிட்டு அமெரிக்காவுக்கே திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர். வாசலில் நிற்கிறார் ஒரு பார்ப்பன இளைஞர். மனைவிக்குப் பேறுகாலம், பிழைப்பாளா என்பதே ஐயம், நீங்கள் வந்து காப்பாற்ற வேண்டும் என்று வேண்டுகிறார். நான் மருத்துவம் கற்றவள் அல்லள், என் தந்தையார் கற்றவர், அவரை அழைத்து வருகிறேன் என்கிறார் ஐடா. இளைஞரின் முகம் மாறுகிறது. அயல் ஆடவர் ஒருவர் என் மனைவியைப் பார்ப்பதா? அது எங்கள் வழக்கத்தில் இல்லையே! திரும்பி நடக்கிறார்.

மீண்டும் கதவு தட்டப்படுகிறது. இப்போது வந்தவர் இசுலாமியர். அதே வேண்டுகோள், அதே விடை, அதே மறுப்பு. மூன்றாம் முறையும் தட்டப்படுகிறது. வந்தவர் மேல்சாதி இந்து ஒருவர். அவரும் அப்படியே வந்தார், அப்படியே சென்றார். பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

ஐடா ஸ்கட்டர் பின்னாளில் தம் வாயாலேயே பலமுறை சொன்ன நிகழ்ச்சி இது. அந்த இரவுதான் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தது. 1899-இல் பட்டம் பெற்றார், 1900-இல் திரும்பினார், வேலூரில் சிறியதொரு அறையில் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி கண்டார். இன்று உலகறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் திண்டிவனத்து வீட்டு வாசலில் இருக்கிறது. அவருடைய சமய நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவர் எழுப்பிய மருத்துவமனையில்தான் 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் கண்மூடினார் என்பதை நினைக்கும்போது, மனிதருக்குச் செய்யும் தொண்டு மதத்தின் வேலியைத் தாண்டி எவ்வளவு தொலைவு செல்கிறது என்று நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் தோழர்களே, இந்தக் கதையைச் சொல்பவர் எல்லாரும் ஐடாவைப் பற்றியே சொல்கிறார்கள். அவர் மனம் எப்படி மாறியது, அவர் வாழ்வு எப்படித் திரும்பியது என்று. நாம் கேட்க விரும்புவது வேறு. அந்த மூன்று பெண்கள் யார்? அவர்கள் என்ன நினைத்தார்கள்? மருத்துவர் ஒருவர், கற்றவர், கருணையுள்ளவர், கூப்பிட்டால் வரக் காத்திருப்பவர், அடுத்த தெருவில் இருக்கிறார், வரச் சொல்லட்டுமா என்று அந்த மூவரில் ஒருத்தியிடமாவது எவரேனும் கேட்டார்களா? மருத்துவம் வர முடியாத தொலைவில் இல்லை. மருந்து இல்லாமல் இல்லை. கணவர்கள் அன்பில்லாதவர்களும் அல்லர். அன்பில்லாதவன் நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டான். மூவருக்கும் சாதி வேறு, சமயம் வேறு, சமையல் வேறு. ஆனால் கதவைச் சாத்துவதில் மட்டும் மூவரும் ஒரே மதத்தினர்!

கூச்சம் என்பது கொடியது என்று நாம் சொல்லவில்லை. 1816-இல் பாரிசு நகரில் லேனக் என்ற மருத்துவர், இளம்பெண் ஒருத்தியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்க வேண்டிய நிலையில் கூச்சப்பட்டார். அந்நாளில் நெஞ்சொலி கேட்க அதுதான் முறை. அவர் தாளைச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை நெஞ்சிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். வெறுங்காதில் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. இன்று மருத்துவர்தம் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அதுதான். அங்கே கூச்சம் ஒரு கருவியைப் பெற்றது. இங்கே கூச்சம் மூன்று சாவைப் பெற்றது. வேறுபாடு எங்கே? அங்கே கூச்சத்துக்கு வழி தேடினார்கள். இங்கே கூச்சத்துக்குப் பெண்ணைப் பலி கொடுத்தார்கள்.

இந்தப் பழங்கதையை இப்போது கிளறுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அது நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் தொடங்குகிறது.

நாம் பள்ளி ஆசிரியர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் வேலை. ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி. ஊரையும் பேரையும் சொல்லப் போவதில்லை. மாதத்துக்கு ஒரு நாள், தவறாமல், அவள் பெயருக்கு நேரே வராமைக் குறி விழும். காரணம் கேட்டால், "ஆயாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன் சார்" என்பாள். ஆயாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, இரத்த அழுத்தமும் இருந்தது. மாதாந்தர மாத்திரைக்குப் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வரிசை, எந்த அறை, எந்தச் சீட்டு என்பதைப் படித்துச் சொல்லப் பேத்தி வேண்டும். பேருந்துக் கட்டணம் ஒரு பொருட்டன்று. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு அது இல்லை. போவது நாள். விடியலில் வெறும் வயிற்றோடு கிளம்பிப் பேருந்துக்கு நின்று, அங்கே இரத்தம் கொடுக்க நின்று, மருத்துவருக்கு நின்று, மாத்திரைக்கு நின்று, உச்சி வெயில் தாண்டித்தான் வாயில் ஒரு வாய்க் கஞ்சி. அவள் களை பறிக்கப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி ஒருபுறம் போயிற்று. பேத்திக்கு அன்றைய பின்னக் கணக்கு மறுபுறம் போயிற்று. ஆஸ்பத்திரிக்குச் செலவே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். ஆமாம், செலவே இல்லை!

பிறகு அந்தக் குறி நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம், அவள் வராத நாளே இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டோம். "இப்ப அவங்களே வூட்டுக்கு வந்து பாக்குறாங்க சார்" என்றாள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அந்தத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நம் மாவட்டத்து மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், கொள்ளை நோய்க்காலம் நம்மை நான்கு சுவருக்குள் அடைத்து வைத்து ஒரு பாடம் கற்பித்தது தெரியும். வர முடியாதவரிடம் போ என்பதே அந்தப் பாடம். ஊரில் பிறந்து ஊரில் வாழும் பெண்ணொருத்தி, பெண் சுகாதாரத் தன்னார்வலர் என்ற பெயரோடு, தோள் பையில் இரத்த அழுத்தமானியும் குளுக்கோமீட்டரும் எடுத்துக் கொண்டு வீடு வீடாக வருகிறாள். அழுத்தம் பார்க்கிறாள், விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் சர்க்கரை பார்க்கிறாள், முன்பே நோய் கண்டவர்க்கு மாத்திரை தருகிறாள். பக்கவாதத்தால் படுத்தவரைத் தேடி இயன்முறை மருத்துவர் வருகிறார். முற்றிய நோயாளிக்கு வலி தணிக்கச் செவிலியர் வருகிறார். சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு அதற்கான பைகள் வருகின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றும் இதற்குக் கிடைத்தது. விருது இருக்கட்டும். அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டி, சாலை எது ஏரி எது என்று தெரியாமல் போன நாள்களில், கூரையில் செருகிய மஞ்சள் பைக்குள் மாத்திரை இருந்தவர் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக்கே மருத்துவம் கொண்டு போய்க் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள் என்று சொல்லும் பெரியோர் சிலரை நாம் அறிவோம். தேநீர்க் கடையிலே கேட்டோம். ஆசிரியர் அறையிலேயும் கேட்டோம். அவர்களை ஒன்று கேட்கலாம். அரசு இதற்கு முன் ஏழையின் வீட்டுக்கு வந்ததே இல்லையா? வந்தது! வரி கேட்டு வந்தது. கடனுக்குப் பாத்திரம் பண்டத்தை ஜப்தி செய்ய அமீனா வந்தார். ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாக்குக் கேட்டு, சேரியின் கடைசிக் குடிசை வரை, சேற்றில் கால் வைத்து வந்தார்கள். வாங்குவதற்கு வழி தெரிந்த அரசுக்கு, வழங்குவதற்கு மட்டும் அந்த வழி தெரியக் கூடாதா?

இன்னொன்று. மருத்துவம் வீடு தேடிப் போவது புதுமையும் அன்று. செல்வருக்கு அது என்றும் உண்டு. மிராசுதார் வீட்டில் ஒருவர்க்குத் தலைவலி என்றால் வில்வண்டி போய் வைத்தியரை அழைத்து வரும். வைத்தியர் திண்ணையில் அமர்ந்து நாடி பார்ப்பார். இன்றும் திண்டிவனம், விழுப்புரம் போன்ற நகரங்களில் தொலைபேசியில் சொன்னால் தனியார் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்து இரத்தம் எடுத்துச் செல்வார். கட்டணம் தர வேண்டும், அவ்வளவுதான். அந்த வீடுகளில் யாரும் சோம்பேறியாகிவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை. உடையவனுக்கு வந்தால் வசதி, இல்லாதவனுக்கு வந்தால் சோம்பல்! இந்த அகராதியை எழுதியவர் யார்?

தேடிப் போவதில் அறிவியலும் இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடமாவது ஓய்வாக உட்கார்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சுக்கு நேராகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பேருந்தில் நசுங்கி, வரிசையில் முட்டி மோதி, 'அடுத்தது!' என்ற அதட்டலுக்கு ஓடி வந்து நிற்பவளின் அழுத்தம், அவளுடைய அழுத்தமா, அந்த இடத்தின் அழுத்தமா? வெள்ளைச் சட்டையைக் கண்டாலே அழுத்தம் ஏறுவோர் உண்டு என்பதை மருத்துவ நூல்களே ஒப்புகின்றன. தன் வீட்டுத் திண்ணையில், தன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவளிடம் எடுக்கும் கணக்கு பல நேரங்களில் உண்மைக்கு நெருக்கமானது.

அதைவிடப் பெரிய காரணம் இந்த நோய்களின் இயல்பு. காய்ச்சல் வந்தால் உடம்பு சொல்லும். பல் வலித்தால் ஊரே கேட்கும். சர்க்கரையும் அழுத்தமும் பல ஆண்டு வாய் திறவாமல் குடியிருக்கும் நோய்கள். வலியில்லாதவன் ஏன் மருத்துவமனைக்கு நடக்கிறான்? அவன் நடக்கத் தொடங்கும்போது கால்விரல் கறுத்திருக்கும், அல்லது கண்ணில் பார்வை மங்கியிருக்கும், அல்லது வாய் ஒருபுறம் கோணியிருக்கும். 2020-இல் தமிழ்நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் 10.8 பேருக்கே. மருத்துவமனை இல்லாத மாநிலமா இது? முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றியந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. எல்லாம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தன. வலியில்லாத நோயாளி வரவில்லை. காத்திருப்பது மட்டுமே கடமை என்றால், அந்தக் கடமை நோயைச் சந்திக்காது. நோய் விட்டுச் சென்ற இடிபாட்டை மட்டுமே சந்திக்கும்.

இதுவரை எழுதியதில் நமக்கு ஐயமே இல்லை. ஐயம் இனிமேல்தான் தொடங்குகிறது. அழைத்தால் போவது சரி. அழைக்காமல் போகலாமா?

அழைக்காமல் போன கதை ஒன்றும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1897. புனே நகரில் பிளேக். அவ்வாண்டு கொண்டுவந்த கொள்ளை நோய்ச் சட்டத்தின் வலிமையோடு, ராண்டு என்ற ஆங்கிலேய அதிகாரியின் கீழ், படைவீரர் வீடு வீடாகப் புகுந்தனர். நோயாளி இருக்கிறாரா என்று தேடினர், அடுக்களை வரை சென்றனர், பெண்களையும் விடாமல் சோதித்தனர், பொருள்களை எரித்தனர். நோயை நிறுத்த வேண்டும் என்ற நோக்கம் தவறா? இல்லை. வீட்டுக்கே பரிசோதனையைக் கொண்டு சென்றார்களா? சென்றார்கள்! ஆனால் துப்பாக்கியோடு உள்ளே வருவது மருத்துவம் அன்று, படையெடுப்பு. விளைவு என்ன? மக்கள் நோயாளியை ஒளித்தனர். ஜூன் 22 இரவு ராண்டைச் சுட்டனர். சில நாளில் அவர் இறந்தார். சுட்டதை நாம் போற்றவில்லை. எதிர்த்தவர்களில், தீண்டத்தகாதவன் தொட்டுவிட்டானே என்று பதைத்த வைதிகரும் இருந்தனர் என்பதை மறைக்கவும் இல்லை. ஆனால், ஒருவர் உடம்பை அவர் இசைவின்றித் தொட்டால், தொட்டவர் கையில் மருந்தே இருந்தாலும் அது வன்முறைதான்.

ஒருபுறம் திண்டிவனம். வழக்கம் கதவைச் சாத்தியது, மூவர் இறந்தனர். மறுபுறம் புனே. அதிகாரம் கதவை உடைத்தது, மக்கள் வெகுண்டனர். இரண்டிலும் ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. உடம்புக்கு உரியவரை யாரும் கேட்கவில்லை. திண்டிவனத்தில் கதவு கணவனுடையது. புனேயில் கதவு அரசனுடையது. நோயாளியின் கதவு எங்கே?

சரி, இப்போது பை மாட்டிக்கொண்டு வரும் நம்மூர்ப் பெண் தட்டுகிறாள், கேட்கிறாள், 'வேண்டாம்' என்றால் போய்விடுகிறாள். பிறகென்ன சிக்கல் என்று தோழர்கள் கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், அந்தச் சிறுமி மறுபடியும் வராமல் போகும் வரையில்.

சென்ற ஆண்டின் இறுதியில் அவள் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் காலை, பள்ளி மணி அடிக்குமுன், நாமே அவள் வீட்டுக்குச் சென்றோம். (ஆசிரியரும் கதவு தட்டும் சாதிதான், ஏன் அனுப்பவில்லை என்று கேட்டுக் கேட்டு, நாய்களுக்கெல்லாம் நம் முகம் பழக்கம்.) சிறுமி அடுப்பின் முன் இருந்தாள். அம்மாவுக்கு மயக்கம், எழுந்திருக்க முடியவில்லை, ஆகவே சமையல் தன் பொறுப்பு என்றாள். அந்த நேரம் தன்னார்வலப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். அது அவளுடைய மாதாந்தர நாள்.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து, பழகிய உரிமையோடு கையை நீட்டினாள். முதல்முறை வந்தபோது இந்த ஆயா விரலை நீட்டுமுன், "எந்தத் தெரு பொண்ணு நீ?" என்று கேட்டாளாம். தன்னார்வலப் பெண் பின்னர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நம்மால் முழுதாகப் பங்கிட்டுக்கொள்ள முடியவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சியின் கை வேண்டும், பேறு முடிந்த மறுநாள் அவள் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும் என்று வைத்திருந்த நாடு அல்லவா! குளுக்கோமீட்டர் வந்துவிட்டது, தெருக்கணக்கு இன்னும் போகவில்லை. எல்லார் இரத்தமும் சிவப்பு என்று நாம் மேடையில் சொல்லிச் சொல்லிச் சலித்த வாக்கியத்தை, இந்தப் பெண் நாள்தோறும் துளித்துளியாக மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு அவள் பெறுவது ஊதியம் அன்று, ஊக்கத்தொகை. பெயர் தன்னார்வலர். ஆண் செய்தால் வேலை, பெண் செய்தால் ஆர்வம் என்ற பழைய இலக்கணம் அரசின் கோப்பிலும் இருக்கிறது.

ஆயாவின் கணக்கு முடிந்தது. தன்னார்வலப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, மருமகளுக்கும் பார்த்துவிடவா என்று கேட்டாள். முப்பது வயதைக் கடந்த எவருக்கும் பார்க்கலாம்.

"அவளுக்கு என்னா? கல்லு மாதிரி இருக்கா. ரெண்டு நாளு வெயில்ல நின்னா, மயக்கம் வராதா?" என்றாள் ஆயா.

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. "வேணாங்கா."

தோழர்களே, அந்த 'வேணாம்' யாருடையது?

மாதந்தோறும் கேட்டிருக்கிறாள், மாதந்தோறும் இதே விடைதான் என்று தன்னார்வலப் பெண் சொன்னாள். ஏட்டின்படி முறை சரி. கேட்டாள், மறுத்தாள், விட்டாள். உரியவரைக் கேட்க வேண்டும் என்று சற்று முன் முழங்கினோமே, கேட்டாயிற்றே! ஆனால் திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்க, வாசலில் ஊர் நடந்து போக, அடுக்களை இருட்டில் நிற்கும் மருமகளிடம் உரக்கக் கேட்கும் கேள்விக்கு வருவது அவள் விடையா? நோய் என்று தெரிந்தால் வேலைக்காகாதவள் என்ற பெயர் வரும். மாத்திரைக்காரி என்ற பெயர் வரும். தாய்வீட்டிலிருந்தே கொண்டு வந்தாள் என்ற பேச்சு வரும். இவற்றையெல்லாம் எடை போட்டு வரும் 'வேணாம்' அது. திண்டிவனத்தில் கணவன் வாசலில் நின்று சொன்ன மறுப்பு, நூறு ஆண்டுக்கு மேல் நடந்து, அடுக்களைக்குள் போய், பெண்ணின் வாயிலேயே குடியேறிவிட்டது. முன்பு அவளைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம், அவளோ அவர்கள் விடையையே சொல்கிறாள்.

அதற்காக அவள் மறுப்பை மதியாமல் விரலைப் பிடித்துக் குத்த முடியுமா? அது புனே. மறுத்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாமா? அது திண்டிவனம், கொஞ்சம் நாகரிகமான திண்டிவனம். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறதா என்பதற்கு நம் பட்டப்படிப்பில் விடை இல்லை. சுதந்திரம் பற்றி மேனாட்டு அறிஞர் எழுதிய நூல்களைத் தேர்வுக்காகப் படித்தோம். அவர்கள் எண்ணிப் பார்த்த மனிதன் தனியாக நிற்பவன், தன் அறைக்குத் தன் சாவி வைத்திருப்பவன். ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே திண்ணை உள்ள வீட்டில் தனியாக நிற்பது எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை.

விடை தன்னார்வலப் பெண்ணிடம் இருந்தது. அவள் பேசவில்லை. பையை எடுத்தாள்; கை கழுவ வேண்டும், தண்ணீர் எங்கே என்று கேட்டாள். மருமகள் சுவரைப் பிடித்து எழுந்து, தோட்டத்துப் பக்கம் தொட்டியைக் காட்டப் பின்னால் சென்றாள். நாம் சிறுமியின் கணக்கு ஏட்டைக் கேட்டு வாங்க அடுக்களைப் பக்கம் போயிருந்தோம். முருங்கை மரத்தடியில் இருவரும் நிற்பது பின்வாசல் வழியே தெரிந்தது. தாழ்ந்த குரலில் மறுபடியும் கேட்டாள். மருமகள் திண்ணைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள், விரலை நீட்டினாள்.

எண் அதிகமாக இருந்தது. விரல் துளி ஒன்றைக் கொண்டு நோய் என்று முடிவு கட்டக் கூடாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெறும் வயிற்றோடு வந்து நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தன்னார்வலப் பெண் எடுத்துச் சொன்னாள். நல்ல முறையில் சொன்னாள், அச்சுறுத்தவில்லை. வீடு தேடி வந்த மருத்துவத்தின் எல்லை அதுதான். அதற்கு அப்பால் அவள் நடக்க வேண்டும். நடக்க நேரம் வேண்டும். நேரம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா. செவ்வாக்கிழம சந்தைக்குப் போறன்னு சொல்லிட்டு வரேன்" என்றாள்.

நம் காதில் விழுந்திருக்கக் கூடாத பேச்சு அது. அடுக்களையில் நமக்கு என்ன வேலை? ஏட்டை வாசலிலேயே கேட்டிருக்கலாம். நோயாளியின் கதவைப் பற்றி இவ்வளவு எழுதும் நாமே அவள் கதவுக்குள் நின்றோம். இப்போது எழுதியும் விட்டோம். ஊரும் பேரும் மறைத்துவிட்டோம் என்பது எவ்வளவு தூரம் கழுவாயாகும் என்பது நமக்குத் தெளியவில்லை.

செவ்வாய்க்கிழமை சிறுமி பள்ளிக்கு வந்திருந்தாள். வருகை எடுத்தபோது, தலை பின்னாமல் வந்திருக்கிறாயே என்று கேட்டோம். "அம்மா காலையிலேயே சந்தைக்குப் போயிட்டாங்க சார்" என்றாள். சரி உட்கார் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைப் படித்தோம்.